எட்டாம் நம்பர் ஷூ

போன வருடம் பங்குனி மாதம், ஒரு சனிக்கிழமை காலை. பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆண்கள் பத்துப் பேர் ஒரே நேரத்தில் குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குப் படபடப்பும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன.

எங்கள் வீடு ஆவடி பக்கம் கோவில்பதாகையில் இருக்கிறது. அப்பா ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். அப்பா, அம்மா இருவருமே பள்ளிக்கூடம் போகாதவர்கள். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் கல்லூரி வரை போன முதல் ஆள் நான்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும், என்ன இப்போ! முதல் பட்டதாரி சான்றிதழ் ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்பதால், "அந்தச் சலுகையை நீ ஒருத்தியே முழுங்கிட்ட" என்று என் தம்பி இன்றுவரை குத்திக்காட்டுவான்.

அந்தத் தம்பிக்குத்தான் அன்று நேர்காணல். பி.காம். முடித்துவிட்டு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பில் போட்டுக்கொண்டிருந்தான். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. நுழைவுத் தேர்வு எழுதி, பல கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து, கடைசியில் ஒரே ஒரு கல்லூரியிலிருந்துதான் அழைப்பு வந்தது. பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் கல்லூரி. அழைப்பு மெயிலில் தடித்த எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஃபார்மல் உடை, ஷூ கட்டாயம். இல்லாதவர்களுக்கு வாசலிலேயே அனுமதி மறுக்கப்படும்.

அந்த வரியைப் படித்ததும் வீட்டில் திருவிழா ஆரம்பித்துவிட்டது. ஆளுக்கொரு யோசனை. அப்பாவுக்கு வெள்ளைச் சட்டைதான் வேண்டும். "ஜட்ஜு மாரி இருக்கணும், பார்த்ததும் எழுந்து நிக்கணும்" என்றார். அம்மா, என் மாமா மகனின் ரிசப்ஷன் கோட்டைக் கேட்டு வாங்கிவரலாம் என்றாள். மெரூன் நிறம், பட்டன் எல்லாம் தங்கக் கலர். தம்பிக்கோ கறுப்புச் சட்டை, கறுப்பு பேன்ட். அவனும் அவன் நண்பர்களும் எல்லா நல்ல காரியத்துக்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

நான் விடுவேனா? ஏழெட்டு நேர்காணல் பார்த்தவள். இளநீல முழுக்கைச் சட்டை, கருநீல பேன்ட், கோடோ பூவோ இல்லாத டை, கறுப்பு பெல்ட் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தம்பி சலூனில் காதோரம் மின்னல் மாதிரி ஒரு கோடு இழுத்துக்கொண்டு வந்து நின்றான். அதே வேகத்தில் திருப்பி அனுப்பி, கோடு தெரியாமல் சமமாக வெட்டவைத்தேன். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் நானே போய் நின்று, சட்டைக் கையில் மடிப்பு விழாமல் தேய்த்து வாங்கிவந்தேன். "நேர்காணல் எனக்கா உனக்கா அக்கா?" என்று கேட்டான். இரண்டு பேருக்கும்தான் என்றேன். உண்மையில் அப்படித்தான் இருந்தது எனக்கு.

மீதி இருந்தது ஷூ. அதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

என் பட்டமளிப்பு விழாவுக்கு வருவதற்காக அப்பாவுக்கு நான் ஒரு ஜோடி கறுப்பு ஷூ வாங்கிக் கொடுத்திருந்தேன். அன்று ஒரு நாள், விழா அரங்கத்துக்குள் மட்டும் போட்டார். வெளியே வந்ததும் கழற்றி, தூசி தட்டி, பெட்டியில் வைத்துவிட்டார். "கால்ல போட்டா தேஞ்சிடும் கண்ணு" என்பார். வருடா வருடம் போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது லாஃப்டிலிருந்து அந்தப் பெட்டியை இறக்குவார். துடைப்பார், திருப்பிப் பார்ப்பார், அந்துருண்டை மாற்றி வைத்து மறுபடியும் மேலே ஏற்றிவிடுவார். தம்பி கால் அளவும் அப்பா அளவும் ஒன்றுதான், எட்டு. அப்பாவே பெட்டியை இறக்கிக் கொடுத்தார். ஷூ கடையில் பார்த்ததைப் போலவே பளபளவென்று இருந்தது. "இந்த மாரி ஒரு நாளுக்குத்தானே வெச்சிருந்தேன்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

சனிக்கிழமை காலை அப்பா ஆட்டோவிலேயே கிளம்பினோம். பூந்தமல்லி வரை அவர் வண்டி, அங்கிருந்து பஸ் பிடித்து ஒன்பது மணிக்குள் கல்லூரி. ஸ்பெஷலாகப் போகலாம் என்றால் அப்பா கேட்கவில்லை. காலி சீட்டோடு வண்டி ஓட்டினால் அவருக்கு உடம்பு சரியில்லாததுபோல் ஆகிவிடும். ஆவடியில் ஒரு பூக்கார அக்கா கூடையோடு ஏறினார். பருத்திப்பட்டில் இன்னும் இருவர். ஏறியவர்கள் எல்லோரிடமும், "என் பையன், எம்.பி.ஏ. இன்டர்வியூக்குப் போறான்" என்று கண்ணாடியைப் பார்த்தபடியே அப்பா அறிவித்துக்கொண்டு வந்தார்.

பூக்கார அக்கா தம்பியை ஏற இறங்கப் பார்த்தார். "சட்டை சோக்கா கீது நைனா. ஆனா கழுத்துல இன்னாது அது, நாக்கு மாரி தொங்குது?" என்று டையைக் காட்டிக் கேட்டார். பருத்திப்பட்டில் ஏறியவர்கள் சிரித்தார்கள். தம்பிக்கும் சிரிப்பு வந்தது. பயம் கொஞ்சம் இறங்கியது.

சென்னீர்குப்பம் தாண்டும்போது அந்த அக்காதான் கீழே பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உன் காலாண்ட கருப்பா இன்னாவோ கொட்டிகினே வருது பாரு. எள்ளுருண்டை கொண்டாந்தியா?"

குனிந்து பார்த்தேன். ஆட்டோ தரையில் கறுப்புத் துகள்கள் உதிர்ந்து கிடந்தன. தம்பி மெதுவாக ஒரு காலைத் தூக்கினான். மேலே தோல் புதுசுபோல மின்னியது. அடிப்பாகம் ரஸ்க் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. விரலால் தொட்டேன், தொட்ட இடம் கையோடு வந்தது. ஷூவைப் போடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தால் அடிப்பாகம் தானாகவே இற்றுப்போய்விடும் என்று எனக்கு அப்போது தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. தேயக்கூடாது என்று பாதுகாத்ததே அதைத் தின்றுவிட்டிருந்தது.

பூந்தமல்லியில் தம்பி இறங்கியபோது ஒரு ஷூவின் குதிகால் முழுதாக ஆட்டோவிலேயே தங்கிவிட்டது. இன்னொரு காலில் அடிப்பாகம் செதில் செதிலாகப் பிரிந்து, உள்ளே இருந்த அட்டை தெரிந்தது. அப்பா அந்தக் குதிகாலை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மணி எட்டு. பூந்தமல்லியில் செருப்புக் கடைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஒன்றுகூடத் திறக்கவில்லை. எல்லாவற்றிலும் ஷட்டர். பத்து மணிக்கு மேல்தான் திறப்பார்கள். செருப்பு தைப்பவர் உட்காரும் இடத்தில் குடை மட்டும் மடித்துக் கட்டிக் கிடந்தது. அவர் வந்திருந்தாலும் தைப்பதற்கு என்ன மிச்சம் இருந்தது? நான் போட்டிருந்தது பெண்கள் செருப்பு. அப்பா காலில் ரப்பர் செருப்பு. தம்பி என்னைப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்த அக்காவான நான், ஷட்டர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இருந்தது ஒரே அழைப்பு. அதில் தடித்த எழுத்தில் அந்த வரி.

அப்போதுதான் அப்பா அதைச் செய்தார்.

குதிகாலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஸ்டாண்டின் நடுவில், தினமும் நின்று ஆள் கூப்பிடும் அதே இடத்தில் போய் நின்றார். ஒரு கையைத் தூக்கினார். "ஆவடி, ஆவடி, கரையான்சாவடி, பருத்திப்பட்டு, ஆவடி!" என்று தினமும் கூவும் அதே ராகத்தில் கூவினார்:

"எட்டு, எட்டு, எட்டாம் நம்பர்! கருப்பு ஷூ, எட்டாம் நம்பர்! பையனுக்கு இன்டர்வியூ, எட்டாம் நம்பர் ஷூ யார்னா கீறீங்களா!"

எனக்குக் கூச்சத்தில் காது சுட்டது. "அப்பா, வேணாம்ப்பா" என்று ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். அவர் கையை விடுவித்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கூவினார். ஆனால் நான் நினைத்ததுபோல் யாரும் சிரிக்கவில்லை. கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்கள், நைட் ஷிஃப்ட் முடித்து இறங்கியவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லோரும் முதலில் அப்பாவைப் பார்த்தார்கள். பிறகு தம்பியின் பிய்ந்த ஷூவைப் பார்த்தார்கள். பிறகு, நான் ஆரம்பத்தில் சொன்னேனே, அப்படியே குனிந்து தங்கள் கால்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அண்ணாத்தே, என்னுது ஒம்போது. முன்னாடி பேப்பர் அடைச்சிக்கலாம், பரவால்லியா?" என்று ஒருவர் டீ கிளாஸோடு வந்தார்.

"எட்டுதான்பா. ஆனா கம்பெனி ஷூ, மூக்குல இரும்பு கீது" என்று இன்னொருவர் தரையில் காலைத் தட்டிக் காட்டினார். டொக் என்றது.

"பிரவுன் கலர்னா உள்ள உடுவாங்களா?" என்று மூன்றாமவர் பஸ் படியிலிருந்தே கேட்டார். அவர் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. அப்போதும் ஒரு காலை வெளியே நீட்டிக் காட்டிக்கொண்டே போனார்.

ஒரு நொடிக்கு முன் கூச்சத்தில் செத்துக்கொண்டிருந்த நான், அடுத்த நொடியில் ஒவ்வொரு ஷூவாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டேன்! இரும்பு மூக்கு வேண்டாம், பிரவுன் பெல்ட்டோடு சேராது என்று மனசுக்குள் கழித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓர் இளைஞர் வந்தார். என் வயதுதான் இருக்கும். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, கண்ணில் தூக்கம். காலில் முகம் பார்க்கும் அளவுக்குப் பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ.

"அண்ணாச்சி, எட்டுதான். இந்தா, போட்டுப் பாக்கச் சொல்லுங்க" என்றார். திருநெல்வேலிப் பேச்சு. நெடுஞ்சாலையில் ஓர் ஓட்டலில் இரவு ரிசப்ஷன் வேலையாம். வேலை முடிந்து அறைக்குத் தூங்கப் போகிறாராம். "நான் இனி தூங்கத்தான போறேன், எனக்கெதுக்கு ஷூ? சாயங்காலம் ஆறு மணிக்கு டூட்டி. அதுக்குள்ள இங்கன கொண்டாந்து குடுத்திருங்க. ஷூ இல்லன்னா எங்க மேனேஜரு உள்ள விட மாட்டாரு பாத்துக்கிடுங்க."

சொல்லிக்கொண்டே கழற்றிவிட்டார். தம்பி காலை நுழைத்தான். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது. "உள்ள இன்னும் சூடா இருக்குக்கா" என்று என் காதில் சொன்னான். அப்பா தன் ரப்பர் செருப்பைக் கழற்றி அந்த இளைஞர் முன்னால் வைத்தார். வண்டி ஓட்டும்போது அப்பா எப்போதும் வெறுங்கால்தான். வெள்ளைச் சட்டையும் நீல வார் போட்ட ரப்பர் செருப்புமாக அந்த இளைஞர் சாலையைக் கடந்து போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் பெயர் கேட்கவில்லை. போன் நம்பர்கூட வாங்கவில்லை. அது ஆட்டோவில் ஏறிக் கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது.

ஆம், ஆட்டோதான். பஸ்ஸுக்கு நேரமில்லை. ஆனால் நெடுஞ்சாலைப் பக்கம் வேறு ஸ்டாண்டு வண்டிகள்தான் ஓட வேண்டும்; ரூட் மாறினால் சண்டை வந்துவிடும். அன்று அந்த ஸ்டாண்டுக்காரர்களே வழி ஒதுக்கி, "போ மாமே போ, இன்னிக்கு உன் ரூட்டு" என்று கையசைத்து அனுப்பினார்கள். அப்பா ஓட்டிய ஓட்டத்தில் தம்பியின் டை காற்றில் பறந்து முதுகுப் பக்கம் போய்விட்டது.

கல்லூரி வாசலில் காவலாளி முதலில் பார்த்தது காலைத்தான்! "ஷூ ஓகே. உள்ள போ தம்பி" என்றார். ஒன்பதுக்குச் சில நிமிடங்களே இருந்தன. தம்பி உள்ளே மறைந்ததும் எனக்கும் அப்பாவுக்கும் ஒரே நேரத்தில் பெருமூச்சு வந்தது. அவ்வளவுதான், கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்தேன். இல்லை, பாதிதான் முடிந்திருந்தது.

சாலையோரம் ஆட்டோவை நிறுத்திக் காத்திருந்தோம். மதியம் ஒரு மணிக்கு இன்னொரு பிரிவு மாணவர்களுக்கு நேர்காணல். அவர்கள் பன்னிரண்டரைக்கு மேல் வர ஆரம்பித்தார்கள். அதில் ஒரு பையன், ஆரணி பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவன், தோல் சாண்டல்ஸ் போட்டிருந்தான். காவலாளி அவனை ஓரமாக நிறுத்திவிட்டார்.

"சார், இது புதுசு சார். இதுக்காகத்தான் வாங்கினது" என்று அவன் கெஞ்சினான்.

"புதுசா பழசான்னு நான் கேட்டனா? ஷூவான்னுதான் கேட்டேன். உன்னை உட்டா என்னைத் தொரத்திடுவாங்கப்பா" என்றார் காவலாளி.

பையன் போனை எடுத்தான். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் திரும்பப் பைக்குள் வைத்தான். பூந்தமல்லி போய்க் கடை தேடி வாங்கித் திரும்ப நேரமில்லை. பாவமாகத்தான் இருந்தது. கூடவே, காலையில் இதே இடத்தில் என் தம்பி இப்படி நின்றிருக்க வேண்டியவன், தப்பித்தோம் என்ற நிம்மதியும் இருந்தது.

அந்த நேரத்தில் தம்பி வெளியே வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. குழு விவாதம் முடிந்து, நேர்காணலும் முடிந்திருந்தது. "நல்லா பேசினேன்க்கா. ஒரு கேள்விக்குத் தெரியாதுன்னு சொன்னேன், அதையும் நல்லாத்தான் சொன்னேன்" என்றான். நான் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்க வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. வாசல் ஓரத்தில் நின்ற ஆரணிப் பையனையும் அவன் சாண்டல்ஸையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த நொடி நடைபாதைக் கல்லில் உட்கார்ந்து ஷூ நாடாவை அவிழ்க்க ஆரம்பித்துவிட்டான்.

"டேய், என்னடா பண்ற?" என்று கத்தினேன். "அது நம்ம ஷூ இல்லடா! ஆறு மணிக்குத் திருப்பிக் குடுக்கணும்!"

"ஒரு மணிக்குப் போறான். வந்துடுவான்க்கா."

"இருக்கறதே கொஞ்சம் சீட்டு. அவன் உனக்குப் போட்டிடா!" இதையும் சொன்னேன். அந்தப் பையன் காதில் விழுந்திருக்கும்.

தம்பி தலையைத் தூக்காமல் சொன்னான்: "அக்கா, எனக்கும் இது வேற ஒருத்தரோட ஷூதானே."

அப்பாவைப் பார்த்தேன், தடுப்பார் என்று நினைத்தேன். அவரோ தன் கைக்குட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். ஆரணிப் பையன் அளவு ஏழு. ஷூ முன்பக்கத்தில் அப்பாவின் கைக்குட்டை ஒன்று, தம்பியின் கைக்குட்டை ஒன்று என்று அடைத்து, தம்பியின் சாக்ஸையும் மாட்டவைத்து, நாடாவைக் கட்டி அனுப்பினார்கள். காவலாளி இதையெல்லாம் பார்த்துவிட்டு, சட்டென்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கலபா" என்றார். பையன் பையை மாட்டிக்கொண்டு ஓடினான். ஓடும்போதும் இரண்டு முறை திரும்பிப் பார்த்தான்.

காத்திருந்தோம். அம்மா கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம். காவலாளிக்கும் கொடுத்தோம். மணி மூன்றானது. பையன் வரவில்லை. விசாரித்தால், பெயர் வரிசைப்படி கூப்பிடுகிறார்களாம். அவன் பெயர் கடைசிக்குப் பக்கத்தில். நாலு மணிக்கும் அவன் வரவில்லை. ரப்பர் செருப்போடு ஓட்டல் வாசலில் நிறுத்தப்பட்ட அந்தத் திருநெல்வேலிக்காரர் என் கண்முன் நின்றார்.

"புதுசா ஒரு ஜோடி வாங்கிக் குடுத்துடலாமாப்பா?" என்று கேட்டேன்.

"அதெப்படி பாப்பா? அவரு கால்ல இருந்ததைத்தானே கழட்டிக் குடுத்தாரு. அதைத்தான் குடுக்கணும்" என்றார் அப்பா. அதோடு முடித்துவிட்டார். ஆனால் அவரும் நிமிடத்துக்கு ஒரு தரம் வாசலைப் பார்த்தார். தம்பி அந்தச் சின்ன சாண்டல்ஸில் குதிகால் வெளியே தொங்க, கேட்டுக்கும் ஆட்டோவுக்கும் நடந்துகொண்டே இருந்தான்.

ஐந்தே காலுக்கு ஆரணிப் பையன் வந்தான். வரும்போதே ஷூவைக் கழற்றி இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, சாக்ஸ் காலோடு ஓடிவந்தான். "அண்ணா, தேயாம பார்த்துதான் நடந்தேன்" என்றான். எல்லோரும் ஏறினோம். ஊருக்குப் போக அவனும் பூந்தமல்லிதான் வர வேண்டும்.

மாலை நேரத்து பெங்களூர் நெடுஞ்சாலை! லாரிக்குப் பின்னால் லாரி. அப்பா எந்தச் சந்தில் நுழைந்தார், எந்த லாரியின் பக்கத்தில் எப்படிப் புகுந்தார் என்று எனக்குத் தெரியாது. பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். ஆரணிப் பையன் மட்டும் எதையும் கவனிக்காமல், தன் சட்டை நுனியால் ஷூவைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஸ்டாண்டுக்குள் ஆட்டோ திரும்பியபோது டீக்கடை ஓரத்தில் அவர் நின்றிருந்தார். குளித்து, தலை வாரி, தேய்த்த வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஓட்டல் டை. காலில் எங்கள் அப்பாவின் நீல வார் செருப்பு! எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி ஷூவைப் பற்றியது இல்லை. "என்ன தம்பி, நல்லா செஞ்சீங்களா?"

தம்பி பதில் சொல்வதற்குள் ஆரணிப் பையன் ஷூவைக் கொண்டுபோய் அவர் காலருகில் வைத்தான். கைக்குட்டைகளை உருவி எடுத்தான். நடந்ததைச் சொன்னோம். நான் மன்னிப்புக் கேட்கும் குரலில்தான் சொன்னேன். அவர் ஒரு கணம் எங்கள் நாலு பேர் முகத்தையும் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு ஷூவுக்கு ரெண்டு இன்டர்வியூவா! எனக்கே இதப் போட்டுக்கிட்டு ஒரு இன்டர்வியூதானே கெடச்சுது!"

நாடாவைக் கட்டிக்கொண்டு ஓடினார். ஓடும் பஸ்ஸில் தாவி ஏறினார். படியிலிருந்து கையை ஆட்டினார். அப்பா தன் செருப்பை மாட்டிக்கொண்டு, அந்த பஸ் மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றார்.

மே மாதம் பட்டியல் வந்தது. ஆரணிப் பையன் பெயர் தேர்வானவர்களில் இருந்தது. தம்பி பெயர் காத்திருப்போர் பட்டியலில். பொய் சொல்ல மாட்டேன், அன்று எனக்கு வயிறு எரிந்தது. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு, "தேவையாடா இது? சொன்னேன் இல்ல?" என்று கேட்டேவிட்டேன். தம்பி சண்டை போடவில்லை. "அவன் நல்லா பேசியிருப்பான்க்கா. ஷூவா பேசுச்சு?" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாப்பிட்டான். அந்தப் பையன் தினமும் போன் செய்து, பட்டியல் நகர்ந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தான். என்னைவிடத் தவிப்பாக அவன்தான் கேட்டான்.

ஜூன் கடைசியில் ஒரு காலை. நான் அலுவலகத்தில் இருந்தேன். தம்பி போனில் கத்தினான்: "அக்கா, வந்துடுச்சு!" நான் நாற்காலியிலிருந்து குதித்ததில் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து, பக்கத்து மேசைப் பெண் அலறினாள். அடுத்த ஐந்தாவது நிமிடம் அப்பா போன். பூந்தமல்லி ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவிட்டாராம். மாலையில் அந்த ஓட்டல்காரர் வந்ததும் அவருக்கும் சொன்னதாக இரவு வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் அப்பாவைக் கட்டிப்பிடித்து, டீக்கடையில் நின்ற எல்லோருக்கும் டீ சொன்னாராம். இப்போது தம்பியும் ஆரணிப் பையனும் ஒரே வகுப்பு, விடுதியில் ஒரே அறை.

என் அலுவலகத்தில் யாராவது, "என் அண்ணனுக்கு இன்டர்வியூ, என்ன போடச் சொல்லலாம்?" என்று கேட்டால், இப்போதும் உற்சாகமாகப் பாடம் எடுக்கிறேன். வெளிர் நிறச் சட்டை, அடர் நிற பேன்ட், ஷூவை ஒரு வாரம் முன்பே போட்டு நடந்து பழகவேண்டும் என்று எல்லாமே சொல்வேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம் வந்துவிட்டது: எனக்குக் கிடைத்த எதையும் இறுகப் பிடித்துக்கொள்ளத் தோன்றும்போதெல்லாம், இது என்னிடமே இருந்துவிடத்தான் வந்ததா, இல்லை அடுத்த ஆளிடம் போகிற வழியில் கொஞ்ச நேரம் என்னிடம் நிற்கிறதா என்று ஒரு நொடி யோசித்துப் பார்க்கிறேன்.